பாயில் படுத்த நாற்பத்தெட்டு நாட்கள்

முதலில் கழன்றது என் வலது கால் செருப்பு. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்த மின்னணுத் தொழிற்சாலையின் பேருந்திலிருந்து இறங்கி, வாசலைத் தாண்டி, நேர அட்டையைக் குத்துவதற்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த சாரதா ஒரு செருப்பைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏய் கமலா, ஒத்தச் செருப்போட எங்க போற? இத பஸ்லயே விட்டுட்டு வந்துட்டலா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குனிந்து பார்த்த பிறகுதான் ஒரு கால் வெறும் சிமெண்டுத் தரையில் இருப்பது தெரிந்தது. அந்தத் தரை சூடா குளிரா என்று எனக்குத் தெரியவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அன்றைய வேலையை முடித்தேன்.

மறுநாள் மாலை மரப்பு தொடை வரை ஏறிவிட்டது. அதற்கடுத்த நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கப் போய் அப்படியே சரிந்தேன். சிறுநீரும் வரவில்லை. அடிவயிறு வீங்கிக் கிடந்தது, ஆனால் வலியில்லை. வலியில்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. கணவர் சிவம் துறைமுகக் கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டினார். மகள் புவனாவுக்கு நான்கு வயது. ஜார்ஜ் டவுன் ஓரத்தில் ஓர் அடுக்குமாடியில் ஆறாவது மாடி எங்கள் வீடு. அந்தக் கட்டடத்தின் மின்தூக்கி நான்காவது மாடியிலும் எட்டாவது மாடியிலும் மட்டும்தான் நிற்கும். மற்றவர்கள் ஏறவோ இறங்கவோ வேண்டும். அதுவரை அது எனக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

மருத்துவமனையில் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு மைலோகிராம் (தண்டுவடத்தைச் சுற்றிச் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். ஐந்தாம் நாள் நோய்க்குப் பெயர் வைத்தார்கள். டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ் (தண்டுவடத்தில் ஓரிடத்தில் குறுக்காக ஏற்படும் அழற்சி; அதற்குக் கீழே உடம்புக்கும் மூளைக்கும் செய்தி போகாது). எனக்குத் தொப்புளுக்குக் கீழே செய்தி போகவில்லை.

டாக்டர் ஒரு வயதான சீனர். மலாயில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சிலருக்கு முழுவதும் திரும்பி வரும், சிலருக்குப் பாதி வரும், சிலருக்கு வராது. யாருக்கு எது என்று இப்போது சொல்ல முடியாது. மருந்து கொடுக்கிறோம், பார்ப்போம் என்றார். அவர் சொன்ன மூன்றில் எனக்கும் சிவத்துக்கும் முதலாவது மட்டும்தான் காதில் விழுந்தது.

இயன்முறைப் பயிற்சி கொடுக்க வந்தவர் நூர்ஜஹான். தமிழ் முஸ்லிம் குடும்பம், கணீரென்ற குரல். இரண்டாவது மாதம் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து என் கட்டில் அருகே நிறுத்தினார்.

"கமலா, இது உங்களுக்கு. ஆஸ்பத்திரி இரவல். வீட்டுக்குக் கொண்டு போலாம்."

"எனக்கு இது வேணாம் மிஸ். நான் நடந்துருவேன்."

"நடங்க. யாரு வேணான்னா? நடை வர்றப்ப வரட்டும். அது வரைக்கும் பிள்ளைக்குச் சோறு ஊட்ட அடுப்படிக்குப் போகணும்ல? அதுக்கு இதுலா."

அவர் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பிப் படுக்க வேண்டும். தினமும் ஒரு கைக்கண்ணாடியை வைத்து முதுகையும் பிட்டத்தையும் பார்க்க வேண்டும். உணர்ச்சியில்லாத இடம் சிவந்தாலும் உடம்பு நமக்குச் சொல்லாது, நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். நான் தலையை ஆட்டினேன். இந்த ஆட்டத்தை இப்போது புதிதாகப் படுக்கையில் விழுந்தவர்களிடம் பார்க்கிறேன். பார்த்ததும் எனக்குக் கோபம் வருகிறது.

வீட்டுக்கு வந்தோம். சிவமும் அவர் நண்பரும் என்னை நான்காவது மாடியிலிருந்து ஆறாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்காலி பின்னால் வந்தது. வந்த நாளிலிருந்தே அது எங்கள் வீட்டில் ஒரு வேண்டாத விருந்தாளியாகத்தான் இருந்தது. சிவம் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

பிறகு ஒருநாள் சாமி படத்துக்கு முன் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வர்ற தைப்பூசத்துக்குள்ள உன்னை நடக்க வச்சா, நான் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். நீ பால்குடம் எடுக்கணும். படியில உன் கால்ல ஏறணும்."

"எடுக்கறேங்க."

"அப்ப இந்த வீல்ச்சேர் எதுக்கு? இதையும் வச்சுக்கிட்டு அதையும் கேட்டா, சாமி என்னா நெனைக்கும்? நம்பிக்கை இல்லாத ஆளுங்கன்னு நெனைக்காதா?"

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் நாற்காலியைக் கொண்டுபோய் மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். சமூகநல இலாகாவில் என் பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்த பாரம் ஒன்றும் இருந்தது. பதிந்துகொண்டால் மின்தூக்கி நிற்கும் மாடிக்கோ கீழ்த்தளத்துக்கோ வீடு மாற்றிக் கேட்கலாம் என்று நூர்ஜஹான் சொல்லியிருந்தார். அந்தப் பாரத்தின் தலைப்பிலேயே 'சாச்சாட்' என்று போட்டிருந்தது. ஊனம் என்பதற்கான மலாய்ச் சொல். நாமே கையெழுத்துப் போட்டு ஊனம் என்று எழுதிக் கொடுத்தபின் சாமியிடம் என்ன முகத்தோடு போவது? பாரம் மேசை இழுப்பறைக்குள் போனது.

நாற்காலி இல்லாமல், கட்டிலிலேயே கிடந்துகொண்டு நான்கு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாது. புவனா ஒருநாள் தானாகவே பால் கலக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டாள். நான் கட்டிலிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வரும் வரை அவள் அழுதாள், நான் கத்தினேன். அந்த வாரமே சிவத்தின் அக்கா ராஜம் கடலுக்கு அக்கரையில் இருக்கும் தாசேக் கெலுகோரிலிருந்து வந்தார். அவர் கணவர் அங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி (கணக்கெழுத்தர்). அவர்களுக்குக் குழந்தையில்லை.

"நான் கூட்டிட்டுப் போறேன் கமலா. தைப்பூசம் வரைக்கும்தானே? நீ எழுந்து நடந்ததும் வந்து உன் பிள்ளைய எடுத்துக்க."

"தைப்பூசம் வரைக்குந்தான் அண்ணி," என்றேன்.

புவனா அத்தையின் காரில் ஏறிப் போவதைப் பார்க்க என்னால் கீழே இறங்க முடியவில்லை. ஆறாவது மாடி ஜன்னல் என் கட்டிலிலிருந்து தூரம். கார் கிளம்பும் சத்தத்தை மட்டும் கேட்டேன்.

இனி எழுதப்போவதை யார் தலையிலும் கட்ட முடியாது. செய்தது நான்.

தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாட்கள் இருக்கும்போது விரதம் தொடங்கியது. மரக்கறிச் சாப்பாடு, ஒருவேளை உணவு, காலையிலும் மாலையிலும் குளியல், தரையில் பாய் விரித்துப் படுக்கை. சிவம் பாயை விரித்தார். என்னைக் கட்டிலில் மெத்தை மேலேயே விட்டார்.

"எனக்கும் பாய் போடுங்க," என்றேன்.

"உனக்கு எதுக்கு? முடியாதவங்களுக்கு விரதத்துல விலக்கு இருக்கு. நீ மெத்தையிலயே படு."

"அரை விரதம் இருந்தா அரைக் கால்தான் வரும். எனக்கு முழுக்காலு வேணும்."

அவர் சிரித்துவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து சிரித்தோம். மெத்தையைச் சுருட்டி அலமாரி மேல் வைத்தார். என்னை இறக்கிப் பாயில் கிடத்தினார். அடியில் சிமெண்டுத் தரை.

நான் விரதத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. பசித்தாலும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பிப் படுப்பதை மட்டும் விட்டுவிட்டேன். தரையிலிருந்து என்னைத் திருப்ப ஆள் வேண்டும், சிவம் வேலைக்குப் போயிருப்பார். கைக்கண்ணாடியை எடுக்கவேயில்லை. சீக்கிரம் உணர்ச்சி வந்துவிடப் போகிறது, அதற்குள் ஏன் அந்த இடத்தையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். கடைசி இரண்டு வாரம் லேசான காய்ச்சல் இருந்தது. விரதத்தின் சூடு என்று எண்ணி உள்ளுக்குள் மகிழ்ந்தேன். இப்படிப்பட்ட முட்டாளை நான் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை.

தைப்பூசத்தன்று காலையில் என் கால்கள் வந்திருக்கவில்லை. ஆனாலும் படிக்குப் போனால் வந்துவிடும் என்று இருவருமே நம்பினோம். சிவம் காவடி எடுத்து முன்னால் போனார். அவருடைய கிடங்கு நண்பர்கள் நான்கு பேர் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் கூட்டத்துக்குள்ளே தூக்கி வந்தார்கள். மஞ்சள் சேலை, மடியில் பால்குடம். ராஜம் அண்ணி புவனாவைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். பிள்ளை மாதக்கணக்கில் என்னைப் பார்க்கவில்லை. கூச்சத்தோடு அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

கடைசிப் படிகளுக்கு முன்னால் இறக்கச் சொன்னேன். இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்து என்னை நிறுத்தினார்கள். "விடுங்க," என்றேன். அவர்கள் விடவில்லை. நல்லவேளை விடவில்லை. சேலைக்குக் கீழே கால்கள் மடங்கித் தொங்கின. நான் முருகா முருகா என்று கத்தினேன். கூட்டத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்ததால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு யாரோ என் கையிலிருந்து பால்குடத்தை வாங்கி உள்ளே கொடுத்தார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

இறங்கும் வழியில் உடம்பு நடுங்கியது. ராஜம் அண்ணி குனிந்து பார்த்தார்.

"கமலா, பின்னால சேலை ஈரமா இருக்கே?"

"பால் சிந்திருக்கும் அண்ணி."

அவர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை மூக்கருகே கொண்டு போனார். முகம் மாறிவிட்டது.

"பால் இப்படி நாறாதும்மா," என்றார். அதற்குமேல் சத்தம் போடாமல் அழ ஆரம்பித்தார்.

அன்றே மருத்துவமனை. படுக்கைப்புண் (ஒரே இடத்தில் தொடர்ந்து அழுத்தம் பட்டு, ரத்த ஓட்டம் நின்று, தோலும் சதையும் அழுகுவது). பிட்டத்துக்கு மேலே, முதுகெலும்பு முடியும் இடத்தில் என் கைமுட்டி உள்ளே போகும் அளவுக்குக் குழி. எலும்பு வரைக்கும் போயிருந்தது. கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது (இதைச் செப்டிசீமியா என்பார்கள்; இதில் உயிர் போகலாம்). அந்தச் சீன டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டுச் சிவத்திடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வீட்டில் மெத்தை இல்லையா?"

சிவம் இருக்கிறது என்று சொன்னார். டாக்டர் காத்திருந்தார்.

ஒன்பது மாதம் குப்புறப் படுத்திருந்தேன். செத்த சதையை வெட்டினார்கள், எலும்பைச் சுரண்டினார்கள், பக்கத்துச் சதையைத் திருப்பிவைத்துத் தைத்தார்கள். முதல் தையல் விட்டுப்போய் இரண்டாம் முறை தைத்தார்கள். வலிக்காததால் சில சமயம் விழித்துக்கொண்டே இருந்தேன். என் உடம்பில் கத்திரி வெட்டும் சத்தத்தை வேறு யாருக்கோ நடப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். தரையில் ஒட்டியிருந்த ஒரு நீலக் கறையும் மிஸ்ஸிகளின் (தாதிகளின்) வெள்ளைக் காலணிகளும்தான் எனக்குத் தெரிந்த உலகம்.

நூர்ஜஹான் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கட்டிலின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்கும்படி தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"சாமிகிட்டக் கேட்டது தப்பில்ல கமலா. என் உம்மாவும் கேப்பாங்க. ஆனா சாமி செய்ய வேண்டியத சாமி செய்யட்டும், மெத்தை செய்ய வேண்டியத மெத்தை செய்யட்டும்லா."

அவர் போன பிறகு வெகுநேரம் அழுதேன். இன்றுவரை நான் முருகனைக் குறை சொன்னதில்லை. மெத்தையை எடு என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. தண்டுவடம் திரும்பாமல் போனது நோயால். அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் அந்த ஒன்பது மாதம் நோய் எடுத்துக்கொண்டதல்ல. நாங்களாகக் கொடுத்தது.

சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். புவனாவை ஒரே ஒருமுறை வாசல் வரை கூட்டி வந்தார்கள். குப்புறக் கிடந்த எனக்கு அவளுடைய காலணி மட்டும் தெரிந்தது. புதுக் காலணி. வாங்கிக் கொடுத்தது நான் இல்லை.

மறுபடியும் ஓர் இரவல் சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இழுப்பறையிலிருந்து அந்தப் பாரத்தை எடுத்து நானே நிரப்பினேன். சிவம் பார்த்துக்கொண்டே இருந்தார். 'சாச்சாட்' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். எனக்கு வீடு வேண்டும், வீட்டுக்குள் என் பிள்ளை வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். அந்த அவசரத்தில் வெட்கப்பட நேரமில்லை.

நூர்ஜஹான் ஆ செங் என்ற சீனரை அறிமுகப்படுத்தினார். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பியவர். மூன்று சக்கரமாக்கிய மோட்டார் சைக்கிளில் ஜார்ஜ் டவுன் முழுக்கச் சுற்றுவார். நாற்காலியில் இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை அவருடைய சைக்கிள் கடையில் கூடுவோம். அன்றைக்கு மட்டும் சிவமும் அவர் நண்பரும் என்னை நான்காவது மாடி வரை தூக்கி இறக்குவார்கள். வீடு மாற்றிக் கொடுக்கும் அலுவலகத்துக்கு என் விண்ணப்பம் போய் ஓராண்டாகியும் பதில் இல்லை. நேரில் வரச் சொன்னார்கள். அந்த அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. மின்தூக்கி இல்லை.

ஆ செங், கடைத்தெருவில் பேசும் பஜார் மலாயில் சொன்னார்: நாம் ஏற முடியாவிட்டால் அவர்கள் இறங்கட்டும். ஒரு திங்கட்கிழமை காலையில் ஆறு நாற்காலிகள் அந்த மாடிப்படியின் அடியில் போய் நின்றன. சண்டை போடவில்லை, கோஷம் போடவில்லை. நின்றோம், அவ்வளவுதான். மேலே போக வந்தவர்களெல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்த அதிகாரிக்கு வழியில்லை.

"என்ன வேண்டும்?" என்று மலாயில் கேட்டார்.

"கீழ்த்தள வீடு, துவான். பிள்ளை வேறு வீட்டில் வளர்கிறது," என்றேன். என் மலாய் அவ்வளவு நல்ல மலாய் இல்லை. ஆனால் அன்று ஒரு சொல்லும் தடுமாறவில்லை.

அவர் படியிலேயே உட்கார்ந்து என் விண்ணப்பக் கோப்பைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார். கெட்டவர் இல்லை. அதுவரை நாற்காலியில் ஒருவரும் அவர் முன்னால் வந்ததில்லை, எப்படி வர முடியும்? அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஆயிற்று. கீழ்த்தளத்தில் வீடு கிடைத்தது. சிவம் வாசலில் சரிவு கட்டினார், கழிப்பறைக் கதவைக் கழற்றித் திரை போட்டார். அடுப்பைத் தாழ்வாக வைத்தார். நான் நாற்காலியில் இருந்தபடியே சோறு வடித்தேன். புவனாவுக்குப் பூப்போட்ட விரிப்போடு கட்டில் போட்டோம்.

அதற்குள் அவளுக்கு ஏழு வயது. தாசேக் கெலுகோரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பள்ளி விடுமுறைக்கு வந்தாள். சமர்த்தான பிள்ளை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுத்தாள். என்னைப் 'பினாங்கு அம்மா' என்று கூப்பிட்டாள். வெறும் அம்மா யார் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் அவளே என்னிடம் வந்து நின்றாள்.

"பினாங்கு அம்மா, பள்ளிக்கூடம் தெறக்கப் போவுது. நான் எப்ப போறது?"

"இங்கயே இருந்துக்கயேன் கண்ணு. இங்கயும் ஸ்கூல் இருக்குலா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். விரலைத் திருகிக்கொண்டு சொன்னாள்:

"அம்மா தேடுவாங்க. நான் இல்லாட்டி அம்மா சாப்பிட மாட்டாங்க."

சிவம் சமையலறையிலிருந்து வெளியே வந்தார். அவர் பிள்ளையை அதட்டப் போகிறார் என்று தெரிந்தது. நான் கையைக் காட்டித் தடுத்தேன். சட்டப்படி அவள் என் மகள், பிடித்து வைத்திருக்கலாம். ராஜம் அண்ணியும் மறுத்திருக்க மாட்டார், உள்ளுக்குள் செத்திருப்பார். ஆனால் ஒரு பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்தால் என்ன ஆகும் என்பது எனக்கும் அவளுக்கும் ஏற்கெனவே தெரியும். இரண்டாம் முறை அதை அவளுக்குச் செய்ய என்னால் முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் சிலருடைய வீட்டில் இப்போது ஒரு நாற்காலி சுவரைப் பார்த்து நிற்கலாம். நேர்த்திக்கடன் வையுங்கள், விரதம் இருங்கள், நான் தடுக்க மாட்டேன். நாற்காலியை மட்டும் திருப்பி வையுங்கள், இன்றைக்கே அதில் உட்காருங்கள். பாரத்தில் கையெழுத்துப் போடுங்கள். தோலைப் பாருங்கள். கால் வந்தபிறகு வாழ்ந்துகொள்ளலாம் என்று ஒத்திப்போட்டவள் நான். நான் காத்திருந்தேன், என் பிள்ளை காத்திருக்கவில்லை. அவளுக்கு வளர வேண்டியிருந்தது.

புவனாவை நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னேன். பட்டர்வொர்த் படகுத்துறையில் அண்ணியின் கணவர் காரோடு நிற்பார். நாற்காலிக்காரர்கள் படகின் மேல்தட்டுக்கு ஏற முடியாது. கார்களும் லாரிகளும் நிற்கும் கீழ்த்தட்டில் போனோம். சிவம் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். கரையில் இறங்கும் நேரத்தில் வண்டிகள் நெருக்கியதால் புவனாவைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்தார்.

ஏழு வயதுப் பிள்ளை மடியில் இருக்கிறாள். தொடைக்குத் தெரியவில்லை. அவள் முதுகு என் நெஞ்சில் சாய்ந்தது, அது தெரிந்தது. தலையில் வேறு வீட்டு எண்ணெய் வாசனை. சக்கரத்தை உந்தினேன். நகரவில்லை. இன்னும் அழுத்தி உந்தினேன். மணிக்கட்டிலும் தோளிலும் நரம்பு இழுத்தது. அப்போதுதான் என் மகள் எவ்வளவு கனமாக வளர்ந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

சிவம் தள்ள வந்தார். வேண்டாம் என்றேன். கார் நிற்கும் இடம் வரை நானே உருட்டினேன், முடிந்த அளவு மெதுவாக.